கேபிளை உருவிய பிறகும் திறந்தே இருக்கும் கோப்பு: கெர்னல் டிரைவரில் எந்த வழியை எடுப்பது?

யூஎஸ்பியில் செருகும் சின்ன ஐ2சி (சிப்புகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் முறை) மாற்றிப் பெட்டி ஒன்று. அதன் மறுமுனையில் சில வெப்பநிலை சென்சார்கள். கண்காணிப்பு நிரல் ஒன்று அந்தப் பெட்டியின் சாதனக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வினாடிக்கு ஒருமுறை படித்துக்கொண்டிருந்தது. யாரோ மேசையை நகர்த்த, கேபிள் கழன்றது. திரும்பச் செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. அதே ஹப்பில் ஒரு கீபோர்டைச் செருகிப் பார்த்தேன்; அதுவும் வரவில்லை. சில நிமிடங்களில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில் ஒரு செய்தி வந்தது: யூஎஸ்பி ஹப்பைக் கவனிக்கும் த்ரெட் 120 வினாடிக்கும் மேலாக அசையாமல் நிற்கிறதாம். கண்காணிப்பு நிரல் பிழை வாங்கியும் கோப்பை மூடாமல் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் பெட்டி, கீபோர்டு எல்லாம் ஒரே நொடியில் வந்து சேர்ந்தன.

பெட்டியில் பழுதில்லை. கேபிளிலும் இல்லை. "சாதனம் போய்விட்டது, ஆனால் அதன் கோப்பை இன்னும் ஒருவர் திறந்து வைத்திருக்கிறார், இப்போது என்ன செய்வது?" என்ற கேள்விக்கு லினக்ஸின் ஐ2சி அடுக்கு (அந்த வகைச் சாதனங்களுக்குப் பொதுவான கெர்னல் பகுதி) எடுத்த முடிவு அது. "அவர் மூடும்வரை காத்திரு." வேறு அடுக்குகள் வேறு முடிவு எடுத்திருக்கின்றன. டிரைவர் (சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரல்) எழுத உட்காரும் ஒவ்வொருவரும் இந்த முடிவைத் தெரிந்தோ தெரியாமலோ எடுத்தே ஆகவேண்டும். தெரியாமல் எடுப்பவர்கள்தான் அதிகம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"எங்கள் சிப் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. அதை யார் கழற்றப் போகிறார்கள்?" என்று பலர் கேட்பார்கள். லினக்ஸில் சாதனம் போவது என்றால் கேபிளை உருவுவது மட்டும் இல்லை. சிஸ்எஃப்எஸ் கோப்பமைப்பில் ஒவ்வொரு டிரைவரின் அடைவிலும் 'அன்பைண்ட்' என்றொரு கோப்பு இருக்கும். ரூட் அனுமதி உள்ளவர் அதில் சாதனத்தின் பெயரை எழுதினால் போதும், டிரைவரின் ரிமூவ் செயல்கூறு (சாதனத்திலிருந்து விலகும்போது ஓடும் பகுதி) ஓடும். பற்றவைத்த சிப்பானாலும் ஓடும். டிரைவர் விரும்பினால் அந்தக் கோப்பு தோன்றாமல் தடுக்கலாம். ஆனால் பெரும்பாலான டிரைவர்கள் தடுப்பதில்லை. ஒரு காலத்தில், ஓடும்போதே செருகிக் கழற்றும் ஹாட்பிளக் வசதியே கெர்னலைக் கட்டும்போது வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் விருப்பமாக இருந்தது. 2012-13 வாக்கில் அந்த விருப்பத்தையே எடுத்துவிட்டார்கள். எல்லாக் கெர்னலும் ஹாட்பிளக் கெர்னல்தான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "கோப்பு திறந்திருந்தால் மாட்யூலின் (கெர்னலில் ஏற்றிய டிரைவர் நிரலின்) பயன்பாட்டு எண்ணிக்கை ஏறியிருக்கும், எனவே பத்திரம்." அந்த எண்ணிக்கை காப்பது மாட்யூலின் நிரல்வரிகளை மட்டுமே. யாராவது மாட்யூலை நினைவகத்திலிருந்து இறக்க முயன்றால் அது தடுக்கும். அன்பைண்டையும் தடுக்காது, கேபிளை உருவும் கையையும் தடுக்காது.

ரிமூவ் செயல்கூறு "முடியாது" என்று பிழை திருப்பினால்? கேட்பார் யாருமில்லை. கெர்னல் அந்த விடையைப் பல ஆண்டுகளாகவே பொருட்படுத்தியதில்லை. அதை நம்பி எழுதிய டிரைவர்கள் தவறாக நடந்ததால், 2021இல் 5.15 பதிப்பில் பஸ் அளவிலான ரிமூவ், 2022இல் 6.1இல் ஐ2சி டிரைவர்களின் ரிமூவ், 2024இல் 6.11இல் பிளாட்ஃபார்ம் டிரைவர்களின் (பெரும்பாலும் சிப்புக்குள்ளேயே இருக்கும் சாதனங்களுக்கானவை) ரிமூவ் என்று ஒவ்வொன்றாக எதையும் திருப்பாத செயல்கூறாக மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான டிரைவர்களைத் தொட்ட பொறுமையான வேலை அது. மறுக்கும் உரிமை டிரைவருக்கு இல்லை என்பது இப்போது செயல்கூறின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கேட்டுவிட்டுக் கழற்றச் சொல்வது

மறுக்கும் உரிமையைக் கொடுத்த அமைப்புகளும் உண்டு. விண்டோஸ் முதலில் டிரைவர்களிடம் "எடுக்கலாமா?" என்று ஒரு கோரிக்கை அனுப்பும். யாராவது கோப்பைத் திறந்து வைத்திருந்தால் மறுப்பு வரும்; 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்ற பெட்டி திரையில் தோன்றும். கார்டுகளைச் செருகும் பிசிஐஇ சர்வர் ஸ்லாட்டுகளில் இதற்கே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விளக்கு 5 வினாடி மினுக்கும். அதற்குள் மறுபடி அழுத்தினால் கழற்றும் முயற்சி ரத்து. பிறகு மின்சாரம் நிறுத்தப்படும், கார்டை உருவலாம்.

டேட்டாவைக் காப்பாற்ற இது நல்ல வழி. ஆனால் இது வேண்டுகோள்தான், பாதுகாப்பு ஆகாது. பென் டிரைவைக் கேட்டுவிட்டா உருவுகிறோம்? 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, வெளியிலிருந்து செருகும் சேமிப்புச் சாதனங்களுக்கு 'உடனே எடுக்கலாம்' என்பதையே இயல்பான கொள்கையாக்கியது. மனிதர்களின் பழக்கத்தை மாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்ட முடிவு அது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வெளியிலிருந்து கேபிளால் இணைக்கும் தண்டர்போல்ட் பெட்டிக்குள் பிசிஐஇ கார்டு வந்த பிறகு, பொத்தானும் விளக்கும் இல்லாத இடத்தில்கூட பிசிஐஇ சாதனம் நொடியில் காணாமல் போகிறது.

எனவே கேட்கும் வழியை வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி டிரைவர் எழுதாதீர்கள்.

எல்லோரும் மூடும்வரை காத்திருப்பது

ஐ2சி எடுத்த முடிவு இதுதான். அடாப்டரை (மாற்றிப் பெட்டிக்கான கெர்னல் பொருளை) நீக்கும் செயல்கூறு, அதைப் பிடித்திருக்கும் கடைசிக் கை விடும்வரை உள்ளேயே தூங்கும். இதன் கவர்ச்சி புரிகிறது. ரிமூவ் முடிந்துவிட்டதா, இனி யாரும் உள்ளே இல்லை. எல்லா நினைவகத்தையும் தயங்காமல் விடுவிக்கலாம். டிரைவர் எழுதுபவருக்கு இதைவிட எளிய உலகம் கிடையாது.

விலையை மற்றவர்கள் கொடுக்கிறார்கள். யூஎஸ்பி ஹப்பைக் கவனிக்கும் வேலை, ஹப்பின் லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பிடித்தபடியே சாதனத்தின் டிஸ்கனெக்டை அழைக்கிறது. அது தூங்கினால் அந்த ஹப்பில் வேறெதுவும் நகராது. என் கீபோர்டு வராமல் போனது அதனால்தான். சாதாரணப் பயனர் ஒருவரின் நிரல், கோப்பை மூடாமல் வைத்திருப்பதாலேயே கெர்னலின் ஒரு பகுதியைக் காலவரையின்றி நிறுத்தி வைக்க முடிகிறது. இது வெறும் தொல்லை இல்லை, பாதுகாப்புக் குறை. ஐ2சி நிரல்வரிகளிலேயே "இது பழைய முறை, எஸ்பிஐயும் (இன்னொரு சிப் இணைப்பு முறை) நெட்வொர்க் அடுக்கும் செய்வதுபோல ஆயுளைப் பிரித்து மாற்ற வேண்டும்" என்ற பொருளில் ஒரு குறிப்பு நெடுங்காலமாக இருக்கிறது.

நெட்வொர்க் அடுக்கிலும் காத்திருப்பு உண்டு. கண்டெய்னர்களை (தனித்தனியாக அடைத்து ஓட்டும் நிரல்களை) நிறைய ஓட்டுபவர்கள் பதிவில் ஒரு வரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள்: 'லோ' என்ற இடைமுகம் விடுபடக் காத்திருக்கிறேன், பயன்பாட்டு எண்ணிக்கை 1 என்று. யாரோ எங்கோ எடுத்த பிடியை விட மறந்திருப்பார்கள். அந்த 1 கடைசிவரை 0 ஆகாது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நெட்வொர்க் அடுக்கு காத்திருப்பது கெர்னலுக்குள் இருக்கும் பிடிகளுக்காக, பயனர் திறந்து வைத்த சாக்கெட்டுக்காக அல்ல. அங்கே தொங்கினால் அது கெர்னல் பிழை, திருத்தலாம். ஐ2சியில் தொங்கினால் அது வடிவமைப்பு.

ஆல்சா ஒலி அடுக்கு இரண்டு செயல்கூறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது: எல்லோரும் மூடும்வரை காத்திருந்து கார்டை விடுவிப்பது ஒன்று, இப்போதைக்குத் துண்டித்துவிட்டு, கடைசியாக மூடப்படும்போது விடுவிப்பது இன்னொன்று. யூஎஸ்பி ஒலி டிரைவர் இரண்டாவதை அழைக்கிறது. ஹெட்செட்டை உருவியதும் பாட்டு நிரல் மூடுமா என்று கெர்னல் வாசலில் நிற்பதில்லை.

எண்ணிக்கையும் ஒரு கொடியும்

பெரும்பாலான டிரைவர்கள் எடுக்கும் வழி இது. கோப்பைத் திறக்கும்போது சாதனத்தின் தரவுக் கட்டமைப்புக்கு ஒரு பிடியை ஏற்று, மூடும்போது இறக்கு, 0 ஆகும்போது நினைவகத்தை விடுவி. சாதனம் போனதும் 'போய்விட்டது' என்று ஒரு கொடியை ஏற்று. ஒவ்வொரு செயல்கூறும் தொடங்கும்போது கொடியைப் பார்த்து, ஏறியிருந்தால் 'அப்படியொரு சாதனம் இல்லை' என்ற பிழையைத் திருப்ப வேண்டும். கெர்னல் மூலத்தில் மாதிரிக்காக வைத்திருக்கும் யூஎஸ்பி ஸ்கெலிட்டன் டிரைவர் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

இங்கேதான் நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் பிறக்கின்றன. பிடியின் எண்ணிக்கை காப்பது நினைவகத்தின் ஆயுளை. அது சாதனத்தின் ஆயுளைக் காப்பதில்லை. கட்டமைப்பு உயிரோடு இருக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் ரெஜிஸ்டர் (சாதனத்தோடு பேசும் இடம்) முகவரி, இன்டரப்ட் (சாதனம் சிபியூவை அழைக்கும் வழி) எண், கிளாக் எல்லாம் ரிமூவ் முடிந்ததுமே செத்துவிடும். கட்டமைப்பு செல்லும் என்பதற்காக அதற்குள் இருக்கும் முகவரியும் செல்லும் என்று நினைப்பது, வீட்டின் பத்திரம் கையில் இருப்பதால் வீடும் இடியாமல் நிற்கும் என்று நம்புவது போல. இரண்டு ஆயுள்கள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகக் காக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கொடி. கொடியைப் பார்த்தேன், இறங்கியிருந்தது, அடுத்த வரியில் ரெஜிஸ்டரைத் தொட்டேன். இரண்டு வரிகளுக்கு நடுவே இன்னொரு சிபியூவில் ரிமூவ் ஓடி முடிந்துவிட்டது. லாக் இல்லாத கொடி, சோதனையில் என்றும் சிக்காமல் வாடிக்கையாளரிடம் போய்ச் சிக்கும் வகைப் பிழை. ஆகவே கொடியைப் பார்ப்பதும் சாதனத்தைத் தொடுவதும் ஒரே மியூட்டெக்ஸுக்குள் (ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய லாக்) நடக்க வேண்டும். ரிமூவும் அதே மியூட்டெக்ஸை எடுத்துத்தான் கொடியை ஏற்ற வேண்டும்.

சரி, மியூட்டெக்ஸைப் பிடித்தபடியே ஒரு ரீட் கோரிக்கை டேட்டா வரும்வரை தூங்கினால்? டேட்டா வராது, சாதனமே இல்லையே. ரிமூவ் அந்த மியூட்டெக்ஸுக்காக வரிசையில் நிற்கும். சுற்றிவந்து காத்திருக்கும் வழியிலேயே விழுந்துவிட்டோம். அதனால் தூங்குவது லாக்குக்கு வெளியே நடக்க வேண்டும். தூக்கத்தைக் கலைக்கும் நிபந்தனையில் 'டேட்டா வந்தது' என்பதோடு 'சாதனம் போனது' என்பதும் சேர வேண்டும். ரிமூவ் கொடியை ஏற்றிய கையோடு தூங்குபவர் எல்லோரையும் எழுப்ப வேண்டும். டேட்டா தயாரா என்று நிரல் கேட்கும் 'போல்' (poll) செயல்கூறு 'இணைப்பு அறுந்தது' என்று சொல்ல வேண்டும். யூஎஸ்பியில் இன்னும் ஒரு படி: பறக்கவிட்ட கோரிக்கைகளை ரத்துசெய்தால் போதாது, மறுபடி யாரும் அனுப்ப முடியாதபடி அவற்றை 'பாய்சன்' செய்ய வேண்டும்.

ஒரே ஒரு சாதனம், நாலைந்து செயல்கூறுகள், வேகம் பெரிதில்லை என்றால் இந்த வழி போதும். செயல்கூறுகள் முப்பதாகும்போது எங்கோ ஒன்றில் கொடியைப் பார்க்க மறந்திருப்பீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சர்ச்சையைச் சொல்ல வேண்டும். ப்ரோபில் (டிரைவர் சாதனத்தோடு இணையும்போது ஓடும் செயல்கூறு) வாங்கிய நினைவகத்தை, ரிமூவ் முடிந்ததும் கெர்னலே தானாக விடுவிக்கும் டெவ்எம் உதவிச் செயல்கூறுகள் எல்லோருக்கும் பிடித்தவை. அவற்றால் வாங்கிய கட்டமைப்பைத் திறந்த கோப்பு சுட்டிக்கொண்டிருந்தால், ரிமூவுக்குப் பின் மூடும்போது செத்த நினைவகத்தைத் தொடுவோம். 2022 லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் கெர்னல் நிரலாளர் லாரென்ட் பின்சார்ட் இதைத் தீங்கானது என்றே தலைப்பிட்டுப் பேசினார். 2023 ஃபாஸ்டெம் மாநாட்டில் இன்னொரு கெர்னல் நிரலாளர் பார்தோஸ் கோலாஷெவ்ஸ்கி, டெவ்எம் மேல் பழி போடாதீர்கள் என்று பதில் சொன்னார்: கோப்போடு வாழ வேண்டிய பொருளையும் டிரைவரோடு சாக வேண்டிய பொருளையும் ஒரே கட்டமைப்பில் அடைத்துவைக்கும் அடுக்குகள்தான் கோளாறு என்பது அவர் வாதம். நான் இரண்டாமவர் பக்கம். டெவ்எம் சரியான நேரத்தில்தான் விடுவிக்கிறது. தவறான பொருளை அதன் கையில் கொடுத்தது நாம்.

பாதி இறக்கிய ஷட்டர்

இரவு பத்து மணிக்கு மளிகைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். உள்ளே நிற்பவர்கள் வாங்கி முடித்துக் குனிந்து வெளியே வருவார்கள். புதிதாக யாரும் நுழைய முடியாது. கடைசி ஆள் வந்ததும் முழுதாக இறக்கிப் பூட்டுவார். ஊரில் அவர் கடைக்குக் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் கணக்கை முடிக்கும்வரை அவர் காத்திருப்பதில்லை. இந்த நொடி உள்ளே நிற்பவர்களுக்காக மட்டும் காத்திருக்கிறார்.

திறந்த கோப்புகளுக்காகக் காத்திருப்பதற்கும், ஓடிக்கொண்டிருக்கும் அழைப்புகளுக்காகக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கோப்பு நாள்கணக்கில் திறந்திருக்கலாம். ஓர் அழைப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் மில்லிவினாடிகளில் முடிந்துவிடும்.

லினக்ஸில் இந்தக் கதவைக் கட்ட வசதியான கருவி எஸ்ஆர்சியு. உள்ளே நுழைபவர் 'நுழைகிறேன்' என்று குறிப்பார், கொடியைப் பார்ப்பார், வேலையை முடித்து 'வெளியேறினேன்' என்பார். குறிப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, நுழைபவர்கள் ஒருவரையொருவர் தடுப்பதும் இல்லை. நீக்குபவர் கொடியை ஏற்றிவிட்டு, அந்த நொடிக்கு முன் நுழைந்த எல்லோரும் வெளியேறும்வரை நிற்பார். அதன் மூல வடிவமான வெறும் ஆர்சியுவில் நுழைந்தவர் உள்ளே தூங்கக் கூடாது; எஸ்ஆர்சியுவில் தூங்கலாம். டிரைவர்களுக்கு அது முக்கியம்.

கிராஃபிக்ஸுக்கான டிஆர்எம் அடுக்கு இதைச் சில ஆண்டுகளாகவே செய்கிறது. வன்பொருளைத் தொடும் ஒவ்வொரு பகுதியும் நுழைவுச் செயல்கூறுக்கும் வெளியேறும் செயல்கூறுக்கும் நடுவே அடங்கும். சாதனம் போயிருந்தால் நுழைவு மறுக்கப்படும். சிப்பின் தனித்தனிக் கால்களைக் கையாளும் ஜிபிஐஓ அடுக்கு இன்னும் தெளிவானது. அங்கே இரண்டு கட்டமைப்புகள்: பிடிகளோடு வாழும் 'ஜிபிஐஓ டிவைஸ்', டிரைவருக்குச் சொந்தமான 'ஜிபிஐஓ சிப்'. முன்னதிலிருந்து பின்னதற்கு ஒரே ஒரு பாயின்ட்டர் (முகவரிச் சுட்டி). 2024இல் வந்த 6.9 பதிப்பில் அந்தப் பாயின்ட்டரை எஸ்ஆர்சியு காவலுக்குள் கொண்டுவந்தார்கள். டிரைவர் போகும்போது பாயின்ட்டர் வெற்றாகும், உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை ஒரு காத்திருப்பு, அவ்வளவுதான். பேச்சில் சொன்னதை கோலாஷெவ்ஸ்கியே கையால் செய்துகாட்டிய வேலை அது. இரண்டு ஆயுள்கள், இரண்டு கட்டமைப்புகள், நடுவில் அறுக்கக்கூடிய ஒரு நூல். இதைவிட நேரான விடையை நான் பார்த்ததில்லை.

விண்டோஸ் டிரைவர்களில் 'ரிமூவ் லாக்' என்று இருப்பதும் இதே எண்ணம்தான். ஒவ்வொரு கோரிக்கையும் நுழையும்போது எண்ணிக்கையை ஏற்றும், முடியும்போது இறக்கும். நீக்கும்போது அது 0 ஆகும்வரை காத்திருப்பு. அங்கே இன்னொரு நல்ல பிரிவும் உண்டு. கேட்காமல் உருவினால் முதலில் 'எதிர்பாராமல் போய்விட்டது' என்ற செய்தி வரும். டிரைவர் நிலுவையில் உள்ள கோரிக்கைகளைத் தோல்வியாக முடித்துவிட்டு வன்பொருளைத் தொடுவதை நிறுத்த வேண்டும். திறந்த கைப்பிடிகள் எல்லாம் மூடிய பிறகுதான் 'நீக்கு' என்ற இரண்டாவது செய்தி வரும். சாதனத்தின் சாவு ஒரு செய்தி, கட்டமைப்பின் சாவு இன்னொரு செய்தி. விண்டோஸ் 2000 காலத்திலேயே இதைப் பிரித்துவிட்டார்கள்.

கதவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே நுழைந்தவர் கட்டாயம் வெளியே வரவேண்டும். கழன்றுபோன பிசிஐஇ சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படித்தால் பிழை வராது. அத்தனை பிட்டும் 1 என்ற மதிப்பு வரும். 'பிஸி பிட் 0 ஆகும்வரை சுற்று' என்று ஒரு லூப் எழுதியிருந்தால், அந்த பிட் இனி என்றும் 1தான். லூப் முடியாது, ஆள் வெளியே வரமாட்டார், ஷட்டர் இறங்காது. ஆகவே வன்பொருளுக்காகச் சுற்றும் ஒவ்வொரு லூப்புக்கும் காலவரம்பு வையுங்கள். நேரக்கெடு உள்ள படிப்புக்கு கெர்னலிலேயே ஆயத்த மேக்ரோக்கள் இருக்கின்றன. எல்லா பிட்டும் 1 என்று வந்தால் சாதனம் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

ஒரு முரணும் இங்கே இருக்கிறது. கேபிள் உருவப்பட்டால் வன்பொருளிடம் எதையும் கேட்டு நிற்கக் கூடாது. அன்பைண்ட் என்றால் வன்பொருள் உயிரோடுதான் இருக்கிறது. அதன் டிஎம்ஏவை (சாதனமே நேராக நினைவகத்தில் எழுதுவதை) நிறுத்தாமல் போனால் நாம் விடுவித்த நினைவகத்தில் அது எழுதிக்கொண்டே இருக்கும். ஒரே ரிமூவ் இரண்டுக்கும் ஓடுகிறது. எனவே 'நிறுத்து என்று சொல், ஆனால் விடைக்காகக் கெடு தாண்டி நிற்காதே' என்பதுதான் எழுத வேண்டிய முறை.

எஸ்ஆர்சியுதான் வேண்டும் என்பதில்லை. வினாடிக்குச் சில பத்து அழைப்புகள் வரும் சாதனத்துக்கு ஒரு ரீடர்-ரைட்டர் செமஃபோர் (பலர் சேர்ந்து நுழையலாம், நீக்குபவர் மட்டும் தனியாகப் பிடிக்கும் லாக்) போதும், படிப்பவருக்கும் புரியும். டிஸ்க் அடுக்கைப்போல வினாடிக்கு லட்சக்கணக்கில் கோரிக்கை வரும் இடத்தில், சிபியூவுக்கு ஒன்றாகப் பிரிந்த எண்ணிக்கையைப் பயன்படுத்துகிறார்கள்.

ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு பரிசு கிடைத்திருக்கிறது. கெர்னலின் ரஸ்ட் பக்கத்தில் சாதன வளங்கள் 'ரிவோக்கபிள்' என்ற உறைக்குள் வருகின்றன. உள்ளே இருப்பதைத் தொட 'அணுக முயல்கிறேன்' என்று கேட்க வேண்டும். விடை 'இருக்கிறது' அல்லது 'இல்லை'. இரண்டாவதைக் கையாளாமல் எழுதினால் நிரல் கம்பைலே ஆகாது. சி மொழியில் முப்பது செயல்கூறுகளில் ஒன்றில் மறந்துபோவதை அங்கே மறக்க வழியில்லை. ஒரு கட்டுப்பாடு உண்டு: அப்படி எடுத்த காவல் ஆர்சியு வகை, அதைப் பிடித்தபடி தூங்கக் கூடாது.

கோப்பையே செல்லாததாக்குவது

இன்னொரு எண்ணம்: டிரைவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும், திறந்த கோப்பிலிருந்தே டிரைவருக்கான வழியை அறுத்துவிடலாமே. முனையங்களைக் கவனிக்கும் டிடிஒய் அடுக்கு இதை எப்போதிருந்தோ செய்கிறது. ஒரு முனையம் துண்டிக்கப்பட்டதும், திறந்த கோப்புகளின் செயல்கூறு அட்டவணை மாற்றப்பட்டுவிடும். புதிய அட்டவணையில் படித்தால் கோப்பு முடிந்தது என்று வரும், எழுதினால் பிழை வரும். ஆல்சாவும் இதேபோல ஒரு 'மூடிய கடை' அட்டவணையை மாட்டிவிடுகிறது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அட்டவணையை மாற்றுவது இனி வருபவர்களை மட்டும்தான் தடுக்கிறது. பழைய அட்டவணை வழியே ஏற்கெனவே உள்ளே போனவர்களை வெளியேற்ற ஒரு கதவு அப்போதும் வேண்டும். பிஎஸ்டி யூனிக்ஸில் ஒரு கோப்பின் எல்லாத் திறப்புகளையும் செல்லாததாக்கும் ரிவோக் என்ற சிஸ்டம் கால் உண்டு. லினக்ஸுக்கும் அப்படியொன்று 2006-07 வாக்கில் முன்மொழியப்பட்டது, சேரவில்லை. உள்ளீட்டுச் சாதனங்களுக்கு மட்டும் 2013இல் தனியாக ஒரு ரிவோக் வந்தது. பயனர் மாறும்போது பழைய பயனரின் நிரல் கீபோர்டைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வந்தது அது.

ஃப்ரீபிஎஸ்டி இரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. சாதனக் கோப்புகளைக் கவனிக்கும் டெவ்எஃப்எஸ் அடுக்கு, டிரைவருக்குள் இப்போது எத்தனை த்ரெட்கள் இருக்கின்றன என்று தானே எண்ணுகிறது. டிரைவர் 'என் சாதனத்தை அழி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை அது காத்திருக்கும், தூங்குபவர்களை எழுப்ப டிரைவர் கொடுத்த செயல்கூறை அழைக்கும், அதன்பின் திறந்த கோப்பில் என்ன கேட்டாலும் பிழைதான். டிரைவர் எழுதுபவர் எஸ்ஆர்சியு என்ற பெயரையே கேள்விப்பட வேண்டாம். லினக்ஸில் அதற்கு இணையான கேரக்டர் சாதன (கோப்பாகத் திறந்து படித்து எழுதும் வகை) நீக்கம், புதிதாகத் திறப்பதை மட்டும் தடுக்கிறது. ஏற்கெனவே திறந்தவற்றின் செயல்கூறுகள் தொடர்ந்து அழைக்கப்படலாம் என்று அதன் விளக்கக் குறிப்பே எச்சரிக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்காமல் எழுதிய டிரைவர்களின் எண்ணிக்கையை நினைத்தால் கவலையாக இருக்கிறது. கதவு ஒவ்வொரு டிரைவரிலும் தனித்தனியாகக் கட்டப்படக் கூடாது, பொது அடுக்கில் ஒருமுறை சரியாகக் கட்டப்பட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஃப்ரீபிஎஸ்டி எடுத்த முடிவு மேல்.

கதவுக்கு வெளியே நழுவும் ஒன்று

மேப் செய்யப்பட்ட நினைவகம் எந்தக் கதவு வழியாகவும் வருவதில்லை. பயனர் நிரல் சாதனத்தின் நினைவகத்தைத் தன் முகவரிவெளியில் மேப் செய்துகொண்டால், அதன்பின் அது நேராகத் தொடும். நம் செயல்கூறுகள் ஓடவே ஓடாது. சாதனம் போகும்போது அந்த மேப்பிங்குகளைக் கெர்னல் பிய்த்தெடுக்கலாம். மறுபடி தொட்டால் பக்கப் பிழைக் கையாளி வரும்; அங்கே என்ன செய்வது என்பது இன்னொரு முடிவு. செல்லாத நினைவகத்தைத் தொட்டதற்கான சிக்பஸ் சிக்னல் அனுப்பி நிரலைச் சாகவிடலாம், அல்லது ஒரு போலிப் பக்கத்தை மாட்டிவிடலாம். சிக்பஸ் கூடாது என்பது டிஆர்எம் ஆவணத்தின் நிலை: சிக்னல் கையாளி நிரல் முழுமைக்கும் பொதுவானது, ஒரு நூலகம் அதைச் சரியாகக் கையாள வழியில்லை. போலிப் பக்கம் மாட்டினால் நிரல் குப்பையைப் படிக்கும், ஆனால் சாகாது. அடுத்த வல்கன் (நிரல்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும் இடைமுகம்) அழைப்பில் 'டிவைஸ் லாஸ்ட்' என்ற பிழை வந்து உண்மை தெரியும். திரை மேலாண்மை நிரல் செத்தால் பயனரின் மொத்த அமர்வும் போய்விடும் என்பதால் கிராஃபிக்ஸுக்கு அது சரி. அளவீட்டுக் கருவிக்கு நான் சிக்பஸையே தேர்ந்தெடுப்பேன். போலிப் பக்கத்திலிருந்து படித்த பூஜ்யத்தை யாரோ ஓர் உண்மையான அளவு என்று குறித்துவைப்பதைவிட நிரல் நிற்பது மேல்.

எதை எங்கே

உங்கள் சாதனம் ஏற்கெனவே இருக்கும் அடுக்கில் பொருந்துமானால் அதில் பொருத்துங்கள். ஜிபிஐஓ, ஆல்சா, உள்ளீடு, டிடிஒய் எதுவானாலும் சரி. நீங்கள் எழுதும் கதவைவிட அங்கே இருப்பது அதிகம் அடிபட்டுத் தேறியது. "எங்களுடையது தனித்தன்மை வாய்ந்தது" என்று தனிக் கேரக்டர் சாதனம் எழுதிய பலருக்கு உண்மையில் அது தேவைப்படவில்லை.

தனியாகத்தான் எழுத வேண்டும் என்றால், முதல் நாளே கட்டமைப்பை இரண்டாகப் பிரியுங்கள். பிறகு பிரிப்பது நரகம். கோப்போடு வாழ்வது ஒன்று. அதில் எண்ணிக்கை, லாக், காத்திருப்பு வரிசை, வன்பொருள் பாதிக்கு ஒரு பாயின்ட்டர், இவ்வளவே. ரெஜிஸ்டர், இன்டரப்ட், கிளாக் எல்லாம் இரண்டாவதில். அதை டெவ்எம்மிடம் நிம்மதியாக ஒப்படைக்கலாம். செயல்கூறுகள் நான்கைந்துதான் என்றால் மியூட்டெக்ஸும் கொடியும். அதற்கு மேல் என்றால் ரீடர்-ரைட்டர் செமஃபோர். அளந்துபார்த்து அது தடையாக இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் எஸ்ஆர்சியு. அட்டவணையை மாற்றும் வித்தையைத் தனி டிரைவரில் முயலாதீர்கள். ரிமூவுக்குள் பயனர் கோப்பை மூடக் காத்திருக்கும் வழியைப் புதிதாக யாரும் எழுத வேண்டாம்.

எதை எடுத்தாலும் சோதனை ஒன்றுதான். கோப்பைத் திறந்து நான்கு த்ரெட்களில் ரீட், ரைட், ஐஆக்டில், 'போல்' ஆகிய அழைப்புகளை ஓடவிடுங்கள். இன்னொரு முனையத்தில் அன்பைண்ட், பைண்ட் என்று ஒரு ஷெல் லூப். கெர்னலை, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசன் வசதியோடு கட்டியிருந்தால் செத்த நினைவகத்தைத் தொட்ட இடத்தை வரி எண்ணோடு சொல்லும். கேஆப்ஜெக்ட் (பிடிகளை எண்ணும் கெர்னலின் அடிப்படைப் பொருள்) விடுவிப்பைத் தாமதப்படுத்தும் பிழைத்தேடல் விருப்பம் ஒன்றும் உண்டு. கடைசிப் பிடி விட்ட பிறகும் 1 முதல் 4 வினாடி கழித்தே அது விடுவிக்கும். 'ரிமூவ் முடிந்தால் கட்டமைப்பும் முடிந்தது' என்று நினைத்து எழுதிய வரிகள் எல்லாம் அந்தச் சில வினாடிகளில் வெளியே வந்து விழும். கையால் கேபிளை உருவிச் சோதிப்பதும் வேண்டும், ஏனென்றால் அத்தனை பிட்டும் 1 என்று வரும் நிலையை அன்பைண்ட் காட்டாது.

என் ஐ2சி பெட்டிக்கு வருவோம். அந்த அடுக்கை மாற்றும் வேலை ஒரு டிரைவர்காரரின் கையில் இல்லை. அதனால் பயனர் பக்கத்தில் திருத்தினேன். கண்காணிப்பு நிரல் இப்போது ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து, படித்து, மூடுகிறது; வினாடிக்கு ஒருமுறைதான் என்பதால் அந்தச் செலவு தெரியவே இல்லை. சாதனங்கள் வருவதையும் போவதையும் அறிவிக்கும் யூடெவ் வழியாக 'நீக்கப்பட்டது' என்ற செய்தி வந்தால், அதே சாதனம் திரும்ப வந்தது என்ற செய்தி வரும்வரை முயல்வதை நிறுத்திக்கொள்கிறது. மேசையை அதன்பிறகும் நகர்த்தியிருக்கிறார்கள்.